புகையக்கா கொடுத்த சீட்டு

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஆதார் கார்டில் இருந்தது, கரண்ட் பில்லில் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி தர்மபுரியில் விசாரித்திருந்தால் எதிர் வீட்டுக்காரரே "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பியிருப்பார். புகையக்கா என்று கேட்க வேண்டும். கேட்டால் வழியும் சொல்லி, "வண்டிய நல்லாப் பாத்துட்டுப் போங்க, அந்தம்மா லேசுல உடாது" என்று எச்சரிக்கையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

வண்டிகளின் புகையை அளந்து சர்டிபிகேட் கொடுப்பது அவர் தொழில். நல்லம்பள்ளி போகும் ரோட்டில் ஒரு புங்க மரத்தடியில் பழைய ஆம்னி வேனை நிறுத்தி, அதன் பின்கதவைத் தூக்கி வைத்திருப்பார். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், புகை மெசின், அதற்கு மேலே அவருடைய டிபன் கேரியர். மெசினிலிருந்து ஒரு குழாய் வெளியே வரும். அதன் நுனியிலிருக்கும் கம்பியை வண்டியின் சைலன்சருக்குள் சொருகுவார். பெட்ரோல் வண்டியென்றால் நின்றபடி ஓடவிட்டுப் பார்ப்பார். டீசல் வண்டியென்றால் டிரைவரை ஆக்சிலேட்டரை அடியோடு மிதித்து மிதித்து விடச் சொல்லிப் பார்ப்பார். மெசின் ஒரு கணக்குச் சொல்லும். அது அரசாங்கம் போட்ட கோட்டுக்குக் கீழே இருந்தால் பாஸ், மேலே போனால் பெயில். அங்கிருந்து இருபதடி தள்ளி என் பட்டறை. நான் டீசல் மெக்கானிக்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. பெயிலான ஒன்றைப் பாஸ் என்று சொல்ல அந்தம்மாவுக்கு வாய் வராது. வண்டி என்று மட்டுமில்லை, உலகத்தில் எதுவானாலும் வராது.

என் பையன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார். வந்தவர்களெல்லாம் ராஜா மாதிரி இருக்கிறான், மகாராஜா மாதிரி இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் துணியை விலக்கி, முன்னும் பின்னும் திருப்பி, நிதானமாகப் பார்த்தார். "மூக்கு அப்பன் மூக்கு. கொஞ்சம் சாஸ்தியாத்தான் போயிருச்சு. மூஞ்சி வளந்தா சரியாயிரும்" என்றார். என் மாமியார் அதோடு அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். பையனுக்கு இப்போது மீசை முளைக்கிறது. மூக்கு இன்னும் சரியாகவில்லை. புது வீடு கட்டிப் பால் காய்ச்சுகிறவர்கள் அவரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசிப்பார்கள். கூப்பிட்டால் வருவார், எல்லா அறையையும் பார்ப்பார், "வூடு நல்லா இருக்குதுங்க. கக்கூஸ் கதவுதான் அடுப்பப் பாத்துத் தொறக்குது" என்று வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போவார். சொன்னது அத்தனையும் உண்மையாகத்தான் இருக்கும். அதுதான் வயிற்றெரிச்சல்.

வண்டியே வராமல் நம்பர் பிளேட்டின் போட்டோவை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பிச் சர்டிபிகேட் வாங்கிக்கொள்கிற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அவரிடமும் போட்டோக்கள் வந்துகொண்டேதான் இருந்தன. "வண்டி எங்கீங்க?" என்று ஒரே பதில். "வண்டி ஓசூர்ல நிக்குதுக்கா" என்பார்கள். "அப்ப ஓசூர்லயே இருக்கட்டும். உங்களுக்குக் காய்ச்சல்னா போட்டோவ அனுப்பி ஊசி போட்டுக்குவீங்களா?" என்பார்.

ஒருநாள் ஏரியூர் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். பென்னாகரம் வந்து பஸ் மாறி, அங்கிருந்து நடந்து, வேர்த்துப்போய் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சப்பை.

"புகை சீட்டு வேணுமுங்க."

"வண்டி எங்கீங்க பெரியவரே?"

"நம்பர் பிளேட்டு இருந்தாப் போதும்னு பக்கத்து வூட்டுப் பையன் சொன்னானுங்க" என்று பையைத் திறந்து, மொபெட்டின் நம்பர் பிளேட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். திருகாணிகளைக்கூடத் தொலைந்துவிடக் கூடாதென்று ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

நான் பட்டறைக்குள் போய் டயரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கொஞ்சங்கூடப் புகை உடலீங்க. இதுக்கு நான் தாராளமா பாஸ் போடுவேன். ஆனா நீங்க இது மேல உக்காந்து ஊருக்குப் போக முடியாதே" என்றார். பெரியவருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அக்கா தன் டிபன் கேரியரில் ஒரு அடுக்கைப் பிரித்து அவருக்குத் தயிர்சாதம் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பினார். மறுநாள் அவர் மொபெட்டிலேயே வந்தார். பிளேட்டைத் தலைகீழாக மாட்டியிருந்தார், ஆனால் வண்டி பாஸ்.

இப்படி ஒரு ஆள் பக்கத்தில் கடை போட்டிருந்தால் மெக்கானிக்குக்குக் கொண்டாட்டம்தானே என்று நினைப்பீர்கள். ஊரும் அப்படித்தான் நினைத்தது. அவர் பெயில் போட்ட வண்டி நேராக இருபதடி உருண்டு என் பட்டறைக்குத்தான் வரும். ரெண்டு பேரும் கூட்டு, அந்தம்மா வேண்டுமென்றே பெயில் போடுது, இவன் ரிப்பேர் பார்க்கிறான் என்று லாரி டிரைவர்கள் டீக்கடையில் பேசினார்கள். ஒருத்தன் நேரிலேயே வந்து கேட்டுவிட்டான்.

"ஊரே பேசுதுங்க. நெருப்பில்லாமப் புகையுமா?"

அக்கா குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"நெருப்பு நல்லா எரிஞ்சாப் புகையவே புகையாதுங்க. அரைகுறையா எரிஞ்சாத்தான் புகையும். உங்க வண்டில டீசலப் பீச்சற நாசில் போயிருக்குது, அதான் புகையுது. போயி மாத்துங்க."

அவன் பழமொழி சொல்ல வந்தவன், நாசில் மாற்றிக்கொண்டு போனான். என்னிடம் இல்லை, என் மேல் சந்தேகப்பட்டு சேலத்துக்குப் போய் மாற்றினான்.

அவருக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். காற்று கெடுது, உலகம் அழியுது என்றெல்லாம் அவர் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. ஆனால் நாலு ரோட்டில் பூ விற்கிற அம்மாவிடம் தினமும் ரெண்டு முழம் மல்லிகை வாங்குவார். வாங்கியதும் தலையில் வைக்க மாட்டார். ஆம்னியில் விரித்திருக்கும் வெள்ளைத் துணிமேல் சரத்தைப் பிடித்து ரெண்டு தட்டுத் தட்டுவார். துணியில் கரி உதிரும். அதை என்னிடம் காட்டி, "தம்பி, இது யாரு வண்டின்னு சொல்லு பாக்கலாம்" என்பார். நானென்ன ஜோசியனா? "அந்தப் பொம்பள காலைல இருந்து ராத்திரி வரைக்கும் அங்கியே உக்காந்திருக்குது தம்பி. பூவத் தட்டிரலாம். அவள எப்படித் தட்றது?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

ஆயுத பூஜை ஒன்று அவரிடம் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கடைதானே என்று நான் சாம்பிராணித் தட்டோடு அவருடைய ஆம்னிக்குள் புகுந்து, மெசினைச் சுற்றி மூணு சுற்றுச் சுற்றினேன். மெசின் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. குழாய் ஒரே இழுப்பாகச் சாம்பிராணியை இழுத்துக்கொண்டது. திரையில் கணக்கு எகிறிப்போய் நின்றது. மெசின் கம்பெனி ஆள் சேலத்திலிருந்து வந்து சரி பண்ண நாலு நாள் ஆயிற்று. அடுத்த வருஷம் ஆம்னிக்குப் பொரிகடலையும் சுண்டலும் மட்டும்தான். "சாமியே வந்தாலும் புகையில்லாம வரட்டும்" என்றார்.

சரி, இப்போது என் திருட்டுத்தனத்துக்கு வருகிறேன். சொல்லாமல் இந்தக் கதை நகராது.

டீசல் பம்பில் ஒரு திருகாணி உண்டு. அதை இறக்கினால் எஞ்சினுக்குப் போகிற டீசல் குறையும், புகை குறையும், வண்டி டெஸ்டில் பாஸாகும். ஆனால் இழுவையும் குறையும். ஆளை ஏற்றிக்கொண்டு மலை ஏறாது. நாசிலை மாற்றி, பம்பைக் கழற்றிச் சர்வீஸ் பண்ணினால் புகையும் நிற்கும், வண்டியும் இழுக்கும். அதற்கு நாளாகும், யாருக்கும் பொறுமை கிடையாது. அதனால் டெஸ்டுக்கு முந்தி திருகாணியை இறக்குவேன். பாஸாகிச் சீட்டு வாங்கிய கையோடு வண்டி சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் பட்டறைக்கு வரும், ஏற்றி விடுவேன். இப்படி நூறு வண்டிக்காவது செய்திருப்பேன். அக்காவின் மெசின் பொய் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. ரெண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கொடுக்கிற டீயைக் குடித்துக்கொண்டே.

அவருக்கு ஒரே மகள். நர்சாக வேலை பார்த்தாள். அக்காவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் அக்காவின் வாயே எமனாயிற்று. முதலில் வந்த மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போட்டோல நெட்டையா இருந்தாரு, நேர்ல பாதிதான் வந்திருக்காரு" என்றார். போய்விட்டார்கள். ரெண்டாவது வந்தவர்கள் கொண்டுவந்த பலகாரத்தை ஒரு கடி கடித்து, "எண்ணெய் நேத்து எண்ணெய்ங்க" என்றார். அவர்களும் போய்விட்டார்கள். மகள் ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை.

மூணாவதாக பொம்மிடியிலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் சொந்தமாக டெம்போ வேன் வைத்து ஓட்டுகிறான், நல்ல குடும்பம். மகளுக்குப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. போட்டோவைப் பட்டறைக்குக் கொண்டுவந்து காட்டுவதாக இருந்தாள், அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு காட்டவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்:

"அம்மா, இந்த வாட்டி நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னீன்னா நான் கல்யாணமே பண்ணிக்க மாட்டேன். சத்தியம் பண்ணு."

அக்கா கையில் அடித்துச் சத்தியம் செய்தார். "அவங்க போற வரைக்கும் வாயே தொறக்க மாட்டேன் பாப்பா." பேசுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். அக்கா வீடு பட்டறையிலிருந்து கூப்பிடு தூரம். வாசலில்தான் ஆம்னி நின்றுகொண்டிருந்தது. நான் வெள்ளை வேட்டி சட்டையில், மாமன் முறைக்கு நிற்கிறவன் மாதிரி பந்தாவாக நின்றேன். ரோட்டு முனையில் ஒரு டெம்போ வேன் திரும்பியது. நம்பரைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை என் பட்டறைக்கு வந்த வண்டி அது. டிரைவர் ஒருத்தன் கொண்டுவந்தான். திருகாணியை இறக்கினேன், அக்காவிடம் பாஸ் ஆயிற்று. திரும்பி வந்து, "சித்தேரி ட்ரிப் அடிக்கிற வண்டிங்ணா, மலை ஏறாது" என்றான். ஓனருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தான். ஓனர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "கொஞ்சம் ஏத்தி விட்ருங்ணா. சனிக்கிழம ஒரு விசேசத்துக்குப் போகணும்." நானும் தாராளமாகவே ஏற்றி விட்டேன். எந்த விசேசம் என்று கேட்கத் தோன்றவில்லை.

வேனிலிருந்து ஒன்பது பேர் இறங்கினார்கள். பூ, பழத் தட்டெல்லாம் இருந்தது. பையன் போட்டோவில் எப்படியோ, நேரில் முழுசாகத்தான் இருந்தான். அக்கா எல்லோரையும் கும்பிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்க" என்றேன் நான்.

"அடடா, சித்தரத்தைய இடிச்சுப் போட்டுக் குடிங்க" என்றார் பையனின் அம்மா. அக்கா தலையாட்டினார். பொய்க்குத் தலையாட்டுவது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது கழுத்து நரம்பிலேயே தெரிந்தது.

ஆனாலும் தாக்குப்பிடித்தார். பையனின் மாமா காபியை உறிஞ்சிவிட்டு "பிரமாதம்" என்றார். அதில் சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தது. அக்காவின் உதடு ஒரு துடி துடித்து அடங்கியது. மாமா மேலும், "எங்க பையன் ஒரு பொய் பேச மாட்டானுங்க, புகை பிடிக்க மாட்டான், குடிக்க மாட்டான்" என்று அடுக்கினார். எல்லாம் நல்லபடியாகப் போனது. பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று சொல்லப்போகிற நேரம். அப்போது பார்த்து டிரைவர், வண்டி வெயிலில் நிற்கிறதென்று நிழலுக்கு நகர்த்த ஸ்டார்ட் பண்ணினான்.

கரும்புகை. வாசல் கோலம் மறைந்தது, ஆம்னி மறைந்தது. கொடியில் காய்ந்த மகளின் வெள்ளை யூனிபாரம் மறைந்தது. பையனின் மாமா இருமினார்.

அக்கா எழுந்தார். நான் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறைதான். "அக்கா, சத்தியம்" என்று கிசுகிசுத்தேன். அவர் என்னைப் பார்த்து, வாயில் விரலை வைத்துக் காட்டினார். நான் பேசவே இல்லையே என்று அர்த்தம். நேராகப் போய் ஆம்னியின் பின்கதவைத் தூக்கினார், மெசினைப் போட்டார், கம்பியை வேனின் சைலன்சருக்குள் சொருகினார், டிரைவரைப் பார்த்துக் காலால் மிதிக்கிற மாதிரி சைகை காட்டினார். அவன் செவ்வாய்க்கிழமைப் பழக்கத்தில் மிதித்துவிட்டான்.

பையனின் அம்மா என் பக்கம் சாய்ந்து, "இது உங்க பக்கத்து வழக்கமுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

"எங்க பக்கம் ஆரத்திதான் எடுப்போம்" என்றார் அவர், கொஞ்சம் மரியாதையோடு.

பிரிண்டர் கரகரத்தது. அக்கா சீட்டைக் கிழித்துக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை பேசாமல், ரெண்டு கையாலும், வெற்றிலை பாக்குக் கொடுப்பது மாதிரி, பையனின் அம்மாவிடம் கொடுத்தார். அவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். இங்கிலீஷில் இருக்கிறதே என்று மாமாவிடம் நீட்டினார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"பெயில்."

எல்லோரும் பையனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எம் பையன் பெயிலா?" என்று எழுந்தார் அந்தம்மா. "புடிக்கலைன்னா வாய் விட்டுச் சொல்லலாமில்லீங்க? வூட்டுக்கு வரச் சொல்லிப் பரீட்ச வெச்சு, பெயில்னு அச்சடிச்சுக் குடுப்பீங்களா? டிகிரி முடிச்ச பையனுங்க அவன்!"

ஒன்பது பேரும் எழுந்துவிட்டார்கள். ஒரு பெரியம்மா தட்டிலிருந்த பழத்தையெல்லாம் திரும்பப் பையில் போட ஆரம்பித்தார். "வண்டிக்குங்க, வண்டிக்குத்தானுங்க" என்று நான் கத்துவது யார் காதிலும் விழவில்லை. உள்ளறைக் கதவிடுக்கில் மகளின் முகம் தெரிந்தது. அழுதுவிடுவாள் போல இருந்தது. மூணாவது இடமும் போச்சு.

பையன்தான் சீட்டை வாங்கிப் படித்தான். "அம்மா உக்காரு. இது நம்ம வேனுக்கு" என்றான். அப்புறம் அவனுக்கே குழப்பம். "செவ்வாக்கிழமைதானே பாஸாச்சு?"

டிரைவர், பாவம், உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, என்னை நோக்கிக் கையை நீட்டினான். "இந்தண்ணந்தாங்க அப்புறம் பம்ப ஏத்தி உட்டாரு."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. வாயைத் திறக்காமல், சும்மா பார்த்தார். எத்தனை வருஷம், எத்தனை வண்டி, எத்தனை டீ என்று அவர் மனசுக்குள் ஓடுவது எனக்கு இங்கே கேட்டது. வெள்ளை வேட்டியோடு பூமிக்குள் போய்விட முடியுமானால் போயிருப்பேன். வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை.

"அண்ணம் மேல தப்பில்லீங்க" என்றான் பையன். "நான்தான் ஏத்தச் சொன்னேன். மலை ஏறலீங்க. தெரிஞ்சேதான் சொன்னேன்."

மகள் வெளியே வந்தாள். கையில் தட்டு இல்லை, பூ பாதிதான் வைத்திருந்தாள். அம்மாவின் முன்னால் நின்றாள்.

"அம்மா, பேசு. நீ பேசறதவிட நீ பேசாம இருக்கறதுதான் பயமா இருக்குது."

அக்கா ஒரு பெரிய மூச்சு விட்டார். "எனக்குத் தொண்டையெல்லாம் கட்டலீங்க" என்று ஆரம்பித்தார். எனக்கு இன்னொரு அடி. "காபில சக்கரை சாஸ்தி. வண்டி பெயில். இது ரெண்டுந்தான் எனக்குத் தெரியும். பையன அளக்க எங்கிட்ட மெசின் இல்லீங்க. அத எம் பொண்ணுதான் பாக்கணும்."

மகள் அவனைப் பார்த்தாள். "நாசில மாத்தாம ஏன் பம்ப ஏத்தச் சொன்னீங்க?"

பெண் பார்க்க வந்த இடத்தில் எந்த மாப்பிள்ளையும் இப்படி ஒரு கேள்வியைச் சந்தித்திருக்க மாட்டான். "தப்புதாங்க. மாத்திர்றேன்" என்றான்.

"அப்ப வண்டிய இங்கியே உட்டுட்டுப் போங்க. சரியானதும் சொல்லி அனுப்பறோம். எடுக்க டிரைவர அனுப்பாதீங்க. நீங்களே வாங்க."

எனக்கு அது புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. பையனின் அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. பெரியம்மா பைக்குள் போட்ட பழத்தை எடுத்து மறுபடி தட்டில் அடுக்கினார். ஒன்பது பேரும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்கள். அக்கா பஸ் ஏற்றிவிட்டு வந்து, வாசலில் நின்று மூக்கைச் சிந்தினார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாளே வேனைப் பட்டறைக்கு இழுத்து, பம்பைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அக்கா என்னோடு பேசவில்லை. டீ வரவில்லை. டெஸ்டுக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மெசினைப் போடுவார், சீட்டை நீட்டுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதல் தடவை பெயில். நாசில் நாலையும் மாற்றினேன். மறுபடி பெயில். பம்பை முழுசாகப் பிரித்துச் சர்வீஸ் பண்ணினேன். என் அப்பன் பாட்டன் மேல் சத்தியமாக, தொழில் கற்ற நாளில்கூட அவ்வளவு ஒழுங்காக நான் வேலை பார்த்ததில்லை. மூணாவது தடவை டிரைவர் சீட்டில் நானே உட்கார்ந்து மிதித்தேன். சைலன்சர் வாயில் ஒன்றுமே தெரியவில்லை. பிரிண்டர் கரகரத்தது.

"பாஸ்" என்றார் அக்கா. அத்தனை நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இறங்கிப் போய், ஆம்னியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டேன்.

"அப்ப நானுக்கா?"

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா, கண்டுபிடிக்க முடியவில்லை. சீட்டின் கீழே அச்சாகியிருந்த தேதியில் விரலை வைத்துக் காட்டினார். புகை சர்டிபிகேட் ஆறு மாசத்துக்குத்தான் செல்லும்.

"நீயும் பாஸ்தான். ஆனா இதே மாதிரி ஆறு மாசத்துக்குத்தான். அப்புறம் மறுக்கா வந்து நில்லு, பாக்கலாம்" என்றார். பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

தை மாசம் பொம்மிடியில் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ டிரைவர்கள் வந்து ஏற்றி விடச் சொல்லிக் கெஞ்சினார்கள், பாதிப்பேர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். ஒரு வண்டிக்கும் திருகாணியில் நான் கை வைக்கவில்லை. ஆறு மாசம் முடிந்த அன்று காலையில் தலைக்குக் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, எங்கே போகிறாய் என்று கேட்ட மனைவிக்குப் பதில் சொல்லாமல் கிளம்பினேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. புங்க மரத்தடியில் நாலு வண்டி முன்னால் நின்றது. நான் அஞ்சாவதாகப் போய் வரிசையில் நின்றேன்.